காப்பி வரிக்குக் கீழ

எங்கண்ணன் பைக்ல அடிபட்டு செத்த அன்னிக்கு, அவனுக்கு கண்ணீர் அஞ்சலி போர்டு அடிச்சது நான்தான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலருந்து பாடி வர்றதுக்குள்ள எங்க ஊர் முக்குல போர்டு நிக்கணும்னு சித்தப்பா கடைக்கே வந்துட்டாரு. மொதலாளி, "நீ வீட்டுக்குப் போ பாப்பா, நான் வேற ஆள வச்சு பாத்துக்கிறேன்"ன்னாரு. நான் போகல. போன வாரம் அவன் கல்யாணத்துக்கும் போர்டு நான் பண்ணுனதுதான். இத இன்னொருத்தன் தொடக்கூடாதுன்னு தோணுச்சு.

ஆலங்குடியில ஃப்ளெக்ஸ் கடையில வேல பாக்குறேன். பத்தாவதோட நின்னவதான், ஆனா எக்ஸ்எஸ்எல்டி எழுதுவேன், பழைய ஃபைல்லருந்து புது ஃபைல் எடுக்குற கம்ப்யூட்டர் மொழி. ஒரு வீட்டுக்கு காதுகுத்து போர்டு அடிச்சா அந்த ஃபைல வச்சிருப்போம். அடுத்த விசேஷத்துக்கு அதுலருந்தே புதுசு எடுப்போம். ஃபைல்ல ஆளுக்கு எலிமெண்ட்னு ஒரு பகுதி. அவங்க படம், நிறம், பேருக்கு முன்னாடி போடுற பட்டம், எல்லாம் அதோட அட்ரிபியூட். எக்ஸ்எஸ்எல்டியில, பழசு அத்தனையும் காப்பி பண்ணுன்னு ஒரு வரி இருக்கும். மாத்த வேண்டியத மட்டும் அந்த வரிக்குக் கீழ எழுதணும். ஒரே அட்ரிபியூட் ரெண்டு வாட்டி வந்தா கடைசியா வந்ததுதான் நிக்கும். மேல எழுதிட்டா பழசு வந்து புதுச அமுக்கிரும். தப்புன்னு கூட காட்டாது.

வேலைக்கு வந்த புதுசுல ஒரு மாப்பிள்ளைக்கு அப்படி ஆகி, அவங்க வீட்டுப் புள்ள காதுகுத்துக்குப் போட்ட 'குழந்தை'ங்குற பட்டமே கல்யாண போர்டுல மாப்பிள்ளை பேருக்கு முன்னாடி வந்துருச்சு. எங்கண்ணன்தான் கடை லோடு ஆட்டோ ஓட்டுவான். போர்ட ஏத்த வந்தவன் பாத்துட்டு, "ஏத்தா, மாப்பிள்ளைக்கு பால் புட்டியும் சேத்து கொண்டு போகவா?"ன்னு கேட்டான். நாங்க சிரிச்ச சிரிப்புல மொதலாளியும் திட்ட மறந்துட்டாரு. அப்பறம் நான் அந்தத் தப்ப பண்ணுனதே இல்ல.

அன்னிக்கு பண்ணுனேன்.

அவன் கல்யாண ஃபைல எடுத்தேன். 'திருவளர்செல்வன்' இருக்க எடத்துல 'அமரர்'னு வரணும். ரோஸ் நிறம் கருப்பாகணும். நிச்சயத்துல ரெண்டு பேரும் சேந்து எடுத்த படத்த அகலம் கொறச்சு அண்ணி இருக்க பக்கத்த வெட்டணும். எழுதி கம்ப்யூட்டர்ல ஓட்டுனேன். திரையில அவன் பட்டு வேட்டியோட அண்ணி பக்கத்துல நிக்கிறான். ரோஸ் கலரு. திருவளர்செல்வன். ஒண்ணுமே மாறல.

எல்லாத்தையும் காப்பி வரிக்கு மேல எழுதியிருந்தேன்.

எனக்கு ஒடனே தெரிஞ்சிருச்சு. ஆனா மாத்தல. அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன எழுதுனாலும் அவன் மாப்பிள்ளையாவே வர்றான். இன்னொரு வாட்டி ஓட்டுனேன். அப்பயும் மாப்பிள்ளைதான்.

சித்தப்பா பின்னாடி வந்து நின்னாரு. "என்னத்தா, கல்யாண போர்டுல்ல வருது?"

"ஆமா சித்தப்பா."

"ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சாம்த்தா."

காப்பி வரிய வெட்டி மேல கொண்டு போயி ஒட்டுனேன். அவ்வளவுதான் வேல. ஓட்டுனதும் கருப்பாயிட்டான். அமரர்னு வந்துருச்சு. நான் அங்கயே வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். மொதலாளி ஃபேன கூட்டி வச்சுட்டு வெளிய போயிட்டாரு.

அழுது முடிச்சு பாத்தா, வெட்டுன படத்துல அவன் தோள்பட்டையில அண்ணியோட வெரலு நாலு இருக்கு. மருதாணி வெரலு.

"அத அழிச்சிருத்தா, பாக்க ஒரு மாதிரியா இருக்கு"ன்னாரு சித்தப்பா.

"இருக்கட்டும் சித்தப்பா."

"சொந்தபந்தம் பேசுவாக."

"பேசட்டும்."

பிரிண்டு எடுத்தோம். ஊர் முக்குல கல்யாண போர்டு இன்னும் அவுக்காமதான் நின்னுச்சு. நேரமில்லன்னு அதே சட்டத்துல, அதுக்கு மேலயே இத கட்டுனாக. கட்டி முடிக்கவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியா இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு மறுநாள் நான் முக்குல நிக்கிறப்ப அண்ணி அந்தப் பக்கம் வந்துச்சு. போர்டு முன்னாடி நின்னு பாத்துச்சு. அப்பறம் தன் கையத் திருப்பிப் பாத்துச்சு. அதுலயும் மருதாணி இன்னும் போகல.

"இந்த வெரல நீயா விட்ட?"ன்னு கேட்டுச்சு.

"நான்தான் அண்ணி."

என் கையப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுலயே ஒக்காந்துருச்சு.