பஸ்ஸில் பிடுங்கிய தொப்பி

நீங்களே சொல்லுங்கள், முருகனுக்குக் கொடுத்த முடியில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்று மதியம் கோலா சிலாங்கூரில் பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. அவளோடு படிக்கிறவள் ஒருத்தி திடீரென்று அவள் தொப்பியைப் பிடுங்கினாள். உள்ளே மொட்டைத் தலை.

"போத்தாக்! மொட்டை! போத்தாக்!" என்று கத்திக்கொண்டே போனில் வீடியோ வேறு.

விடுவேனா நான்? "ஏய், என்னாடி பண்ற?"

"சும்மா வெளையாட்டு லா ஆண்டி. போன வருசம் எனக்குப் பேன் வந்தப்ப கிளாஸே சிரிச்சிச்சு, அப்ப யாரு கேட்டா?"

"இவ சிரிச்சாளா?"

அவள் போனை இறக்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் மொட்டைப் பிள்ளையே கண்ணீரோடு திரும்பினாள். "நல்லா எடு. எங்கம்மா ஆபரேசன்ல பொழைச்சதுக்குக் குடுத்த முடி. நாளையிலேருந்து நான் ஸ்கூலுக்கே வரல."

போன் கீழே இறங்கியது. "அழிச்சிட்டு என்கிட்ட காட்டு" என்றேன். காட்டினாள்.

தான் பட்ட கேலியை இன்னொருத்தி தலையில் இறக்கினால் ஆறிவிடுமா? உங்கள் வீட்டுப் பிள்ளை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

அட, இதைச் சொல்ல மறந்தேனே! இறங்கும்போது தொப்பியைப் பிடுங்கியவள் அவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஒங்கம்மாவுக்கு இப்ப பரவாயில்லையா? நாளைக்கு வா லா, என் பக்கத்துல ஒக்காரு."