பகலில் தூங்குகிறவனுக்கு ஒரு புங்க மரம்

பிள்ளைப்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருந்தது ஷீட் போட்ட வரிசை அறைகளில் ஒன்று. என்னோடு தங்கியிருந்தவன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். கம்பெனி ஒன்றில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ட்ரெயினி, எப்போதும் நைட் ஷிப்ட். லைனில் கண் அசராமல் ட்ரெயினிங்கை முடித்துவிட்டால் வேலை நிரந்தரம். அதனால் பகலில் தூங்குவதையும் ஒரு வேலையாகவே செய்தான். நான் குடோனுக்கு லோடு ஏற்றக் கிளம்பும்போது அவன் வந்து படுப்பான்.

அந்தத் தூக்கம் கூரையின் மேல் கவிந்திருந்த புங்க மரத்தால் வந்தது. சித்திரையிலும் ஷீட்டைத் தொட முடியும். அடியில் உதிர்ந்து மட்கிய இலைமேல் நடந்தால் ஈரம் காலில் ஒட்டும்.

அறைகளின் ஓனர் அந்த மரத்தை வெட்ட ஆள் கூட்டிவந்தார். நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு அறை கட்டி வாழ்கிறவர்.

"பகல்ல தூங்குறவன் என்னங்க பண்ணுவான்?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி, மரமா வாடக குடுக்குது? அங்க ரெண்டு ரூம் போடலாம். ஃபேன்தான் கீதே, போட்டுகினு தூங்கச் சொல்லு."

வெட்ட வந்தவர்கள் அந்த நிழலிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

ஃபேன் கூரையின் சூட்டை இறக்கி அவன் மேல் கொட்டியது. லுங்கியை நனைத்துப் போர்த்திப் பார்த்தான். "அண்ணே, தோசக்கல்லுல படுத்தது கணக்கா இருக்குண்ணே. திருப்பிப் போடத்தான் ஆள் இல்ல" என்றான். இருவரும் சிரித்தோம். வேறு என்ன செய்ய?

வேலியோரம் ஒரு புங்கங்கன்றை நட்டு, குளித்த தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டான். மரம் இருந்த இடத்தில் எழுந்த புது அறைகளைச் சுற்றி சிமெண்ட் போட்டிருந்தார்கள். மதியம் அதில் அடித்த அனல் கன்றின் நுனியைக் கருக்கியது. கோடை மழை ஒருநாள் கொட்டியது. இலைமெத்தை இருந்தபோது குடித்துக்கொண்ட மண், இப்போது தண்ணீரை அப்படியே ரோட்டுக்குத் தள்ளிவிட்டது. மறுநாளே தரை வெடித்தது. கன்று வளர நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். அவை வர மரம் வேண்டும். எட்டாவதோடு நின்ற எனக்கு இது பாடத்தில் வரவில்லை. ஊர் ஊராகத் திரிந்ததில், மழை இல்லாமல் மரம் போச்சு என்பவர்களையும் மரம் போனதால் மழை போச்சு என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் சொன்னது ஒன்றைத்தான்.

ஓனர் புது அறைகளுக்கு ஏசி வைத்தார். அதன் வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலுக்கும் கன்றுக்கும் சேர்த்து அனலை ஊதியது. கன்று காய்ந்து குச்சியானது.

"உனக்கும் ஏசி ரூம் தர்றேன்பா, வாடக கொஞ்சம் கூடும்" என்றார் அவனிடம்.

"ட்ரெயினி சம்பளத்துல நான் ஏசிய வெளிய நின்னுதான் பாக்கணும்."

அந்த வாரமே மெஷின் முன்னால் கண் அசந்திருக்கிறான். கை மாட்டவில்லை, சூப்பர்வைசர் கண்ணில்தான் மாட்டினான். விடிவதற்குள் பேட்ஜை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தூங்க இடமில்லாததைச் சொன்னானாம். "அது உன் ரூம் பிரச்சன" என்றாராம் சூப்பர்வைசர். அவர் சொன்னதும் சரிதான். அது ஓனர் பிரச்சனை இல்லை, கம்பெனி பிரச்சனை இல்லை, மரத்துக்கும் இனி பிரச்சனை இல்லை.

மதியம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் அவனை ஊருக்குப் பஸ் ஏற்றினேன். ஊரில் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க ஜன்னல் பக்கம் போனேன். வண்டி இன்னும் எடுக்கவில்லை. கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.