காந்தி ஜெயந்தி பிரியாணி

கடத்தூர் தாவூது பாய் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். ஆட்டுக்கறி விழாத சமையலை அவர் சமையலாகவே மதித்ததில்லை. "காய்கறியெல்லாம் ஆடு திங்கறதுக்கு, ஆடு நாம திங்கறதுக்கு" என்பார். எண்பத்து நாலாம் வருஷம் வரைக்கும் அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் அவர் மனைவி ஜுபைதா விறகு எடுக்க அடுக்குக்குள் கையை நுழைத்தபோது கட்டுவிரியன் கடித்துவிட்டது. தாவூது அப்போது வெளியூரில் ஒரு கல்யாணச் சமையலில் இருந்தார். பக்கத்து வீட்டு மாதையனின் சம்சாரம் கண்ணம்மாள்தான் ரோட்டில் போன பால் வண்டியை மறித்து ஏற்றினாள். தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் ஜுபைதாவை மடியில் கிடத்திக்கொண்டு, "கண்ணை மூடாத புள்ள, மூடாத" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனாள். தீர்த்தமலை சாமிக்கும் வேண்டிக்கொண்டாள்.

அலறியடித்துக்கொண்டு வந்த தாவூது ஆஸ்பத்திரி வராந்தாவில் தொழுதுவிட்டுக் கையேந்தினார். "யா அல்லாஹ், அவ எங்க வூட்டு வாசப்படிய மிதிக்கிற அன்னிக்கே ஊரைக் கூப்பிட்டுப் பிரியாணி போடறேன்."

ஜுபைதா பிழைத்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது தாவூதுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணில் பட்டவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். கண்டக்டரைக் கூப்பிட்டார். முன்பின் தெரியாத பொரி வியாபாரியைக் கூப்பிட்டார். பஞ்சாயத்து ஆபீஸில் காந்தி படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த பியூனையும் கூப்பிட்டார். அந்த மாலை எதற்கு என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. ஜுபைதாவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுக் கறிக்கடைக்கு ஓடினார்.

கடை பூட்டியிருந்தது. கடைக்கார நூர் பாஷா பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு காந்தி ஜெயந்தி பாய். ஆடு வெட்டக் கூடாதுங்களே!"

தாவூது பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"வேணும்னா கொல்லையில கமுக்கமா ஒண்ணை அறுத்துக்கலாம்" என்றார் நூர் பாஷா.

"ஆண்டவனுக்கு நன்றி சொல்ற அன்னிக்குத் திருட்டுத்தனமா?"

"அப்ப நாளைக்குப் போடுங்க."

"மிதிக்கிற அன்னிக்கேன்னு சொல்லிட்டனே! மிதிச்சுட்டாளே!"

தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பியவரை மாதையன் வழியில் பிடித்து விசாரித்தார். "இவ்வளவுதானா? நம்ம காட்டுல சேனைக்கிழங்கு கெடக்குது. கறி கணக்கா வெட்டிப் போடுங்க பாய்" என்று மூட்டையோடு வந்து இறக்கினார்.

வாழ்நாளில் சேனையைத் தொட்டிராத தாவூதுக்குக் கை அரித்தது. சொறிந்துகொண்டே குதித்தார். குதித்துக்கொண்டே வெட்டினார். கட்டிலில் இருந்த ஜுபைதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணம்மாள் புளித்தண்ணீர் கரைத்து வந்து அவர் கைக்கும் ஊற்றினாள், கிழங்குக்கும் ஊற்றினாள். பிறகு தயிரும் புதினாவும் இஞ்சி பூண்டும் வழக்கம்போல விழுந்தன. தம் உடைத்து மூடியைத் திறந்ததும் தெருவே மூக்கைத் தூக்கியது.

முதல் பந்தியிலேயே கண்ணம்மாள் உட்கார்ந்தாள். தாவூது கரண்டியோடு கூச்சப்பட்டு நின்றார்.

"அக்கா, உங்களுக்குக் கறியோட போடணும்னு இருந்தேன். இப்படி ஆயிப்போச்சு."

"நல்லதாப் போச்சுங்க பாய்! புரட்டாசி மாசமுங்க. கறி ஆக்கியிருந்தா நாங்க இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்."

தாவூதுக்கு அது தோன்றவே இல்லை. பெண்டாட்டியின் உயிரைப் பிடித்து வைத்தவள் ஒரு வாய் சாப்பிட முடியாத விருந்துக்கல்லவா நேர்ந்துகொண்டிருந்தார்! கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். கண் கலங்கிவிட்டது.

"நீங்க தப்பா நேர்ந்துக்கிட்டீங்க, அல்லா திருத்திக்கிட்டான்" என்றாள் ஜுபைதா.

அப்போது பந்தியின் கோடியிலிருந்து பொரி வியாபாரி குரல் கொடுத்தார். "பாய், எலும்பில்லாத கறியா இன்னும் ரெண்டு துண்டு போடுங்க!"

பந்தியே வெடித்துச் சிரித்தது. தாவூது கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழங்காகப் பொறுக்கி அவர் இலையில் குவித்தார். பிரியாணி தேக்சா அடிவரைக்கும் வழித்தெடுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு புரட்டாசியில் விசேஷம் வைக்கிற வீடுகளும் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் அவருக்குத் தெரியாது. பாங்கு கேட்டதும் கைகழுவிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். நெற்றி தரையில் பட்டபோதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.