நான்காம் விதி

தாம்பரம் இரும்புக் கொல்லர் சங்கத்துக்கு விதிகளை எழுதியவர் சம்பந்தம். மூன்று மாதம் உலை மூட்டாதவர் உறுப்பினர் இல்லை என்ற நான்காம் விதியை, இரும்புக் கடைக்காரர்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று அவரே சேர்த்தார். பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். கடைசி இரண்டு வருடம் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு போய்க்கொண்டே தலைவராக இருந்தார்.

1994இல் அவர் உலை மூட்டுவதில்லை என்று யாரோ புகார் கொடுத்தார்கள். செயலாளர் அரிகிருஷ்ணன் உறுப்பினர் நோட்டோடு அவருடைய சேலையூர் பட்டறைக்குச் சோதனைக்கு வந்தார். சம்பந்தம் பயப்படவில்லை. உலை நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா பாத்துக்கோ. அணைஞ்சா கீது?"

"எரியுது தலைவரே. மூட்டுனது யாரு?"

"நான்தான் தம்பி" என்றாள் அவர் மனைவி தையல்நாயகி, பழுக்கக் காய்ந்த கடப்பாரையின் முனையைச் சம்மட்டியால் அடித்தபடி. "சுத்தி வூடு கட்டிகினே கீறாங்க. அஸ்திவாரம் தோண்டுறவங்களுக்கு தெனம் மழுங்கிப் போவுது. இவரு உலைப் பக்கம் வந்தே ரெண்டு வருசமாவுது."

அரிகிருஷ்ணன் நோட்டில் சம்பந்தத்தின் பெயரை அடித்துவிட்டு, கீழே தையல்நாயகியின் பெயரை எழுதினார். பெண்கள் கூடாதென்று விதி எதுவும் இல்லை. அப்படி ஒன்றை எழுத சம்பந்தத்துக்குத் தோன்றியிருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம கூட்டம், அண்ணி. வந்துடுங்க."

"அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி. உலைய யாரு பாக்குறது?"

"தலைவருக்கு அன்னிக்கு லீவுதானே?"

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் உலையை மூட்டினார். நீக்கப்பட்டவர் மறுபடி உலை மூட்டினால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்பது ஐந்தாம் விதி. அதையும் அவர்தான் எழுதியிருந்தார்.