கடைசிப் பலகையில் ஒரு துப்பட்டா

சைகோனில் இருந்த வருஷங்களில் எனக்கு இருந்த ஒரே பைத்தியம், காட்டு மாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது. ஊரைவிட்டு வடக்கே நாலு மணி நேரம் போய், ஆற்றைப் படகில் தாண்டினால் ஒரு காடு. சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இந்தக் காட்டை யாரும் சீண்டுவதில்லை. சாயங்காலம், உட்காரப் பலகைகள் போட்ட திறந்த லாரியில் ஏற்றிப் புல்வெளி ஓரமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். மூன்று முறை போனேன். மான் பார்த்தேன், மயில் பார்த்தேன், அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தேன். மாடு மட்டும் வரவில்லை.

“இதுக்கா இவ்வளவு தூரம்? கொடைக்கானல்ல ரோட்டோரமே நிக்குமே,” என்பார் என் கணவர். குப்பைத்தொட்டிப் பக்கத்தில் நிற்பதும் தன் காட்டில் தன் பாட்டுக்கு நிற்பதும் ஒன்றா? அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நாலாவது முறை கீழ்வீட்டுக்காரியும் குடும்பத்தோடு தொற்றிக்கொண்டாள். சைகோனின் பூ மி ஹங் பகுதியில் எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாக வந்த திருச்சிக்காரி, என்னைவிட இளையவள். வேனில் ஏறியதிலிருந்து புளியோதரை, பள்ளிக்கூடம், மாமியார் என்று வாய் ஓயவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாரி வருமுன் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன்: “என்ன வந்தாலும் சரி, ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டா ஓடிரும்.” எல்லோருக்கும் என்று சொன்னாலும் அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“சரிக்கா,” என்றாள், நல்ல பிள்ளையாக.

லாரி வந்து நின்றதும் ஓடிப்போய், நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அப்படி முன் பலகையில் என் துப்பட்டாவைப் போட்டேன். ஓட்டுநர் முழித்தார். இந்த வித்தை வியட்நாமில் கிடையாது. முன் பலகை எனக்கும் கணவருக்கும். அவள் கணவரும் குழந்தையும் நடுவில். அவளுக்கு மிஞ்சியது கடைசிப் பலகை. அது மட்டும் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும்; வந்த பாதைதான் தெரியும்.

சுற்றி முடியும்வரை கண் கொட்டாமல் முன்னால் பார்த்தேன். புல், புல், மறுபடி புல். லாரி கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. “ஹெட் ரோய்,” என்றார் ஓட்டுநர். பென் தான் சந்தையில் சரக்கு தீர்ந்துபோனால் சொல்வார்களே, அதே சொல்.

இறங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, பாத்துட்டேன்க்கா! நாம தாண்டிப் போனப்புறம் பின்னாடி வந்து பாதையில நின்னுச்சு. எவ்ளோ பெருசு! நாலு கால்லயும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. நாம வளைவு திரும்புற வரைக்கும் என்னையே பாத்துச்சுக்கா.”

“கூப்பிட வேண்டியதுதானே!”

“நீங்கதானே வாயத் திறக்கக் கூடாதுன்னீங்க?”

பிறந்ததிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான் என்று சத்தியம் பண்ணுவேன். அதுவும் நான் சொல்லி! வயிறு எரிந்தது. வீடு வந்து சேரும்வரை வேனில் தூங்குகிற மாதிரி நடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோவிலில் எங்கள் பெண்கள் கூட்டம் முழுக்க அவளைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டது. “எல்லாம் அக்காவாலதான். அக்கா மட்டும் சொல்லலைன்னா நான் கத்தியிருப்பேன், அது ஓடியிருக்கும்,” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அலட்டிக்கொண்டிருந்தாலாவது மனசுக்குள் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதற்கும் வழியில்லை. அம்மன் முன்னால் கண்ணை மூடினால் அந்த வெள்ளைக் கால்கள்தான் வந்து நின்றன, நான் பார்க்காத கால்கள்.

மழைக்காலம் முடிந்து மறுபடி போனோம். இந்தத் தடவை கடைசிப் பலகைதான் என்ற முடிவோடு, துப்பட்டாவைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒரு மஞ்சள் துப்பட்டா கிடந்தது. அவளுடையது.

“உங்களுக்குத்தான்க்கா பிடிச்சு வச்சேன். உக்காருங்க,” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போய் ஏறிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். லாரி நகர்ந்தது. எனக்கு எதிரே பாதை நீண்டுகொண்டே போனது. இப்போது அது வந்து நின்றால், அவள் பிடித்துத் தந்த இடத்தில், அவள் காட்டிய மாடாகத்தான் நிற்கும். காலத்துக்கும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை நாள் வா வா என்று ஏங்கியவள், அன்று வந்து தொலைக்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

வரவில்லை.

லாரி நின்றதும் முதல் ஆளாக ஓடி வந்தாள். “வந்துச்சாக்கா?”

இல்லை என்றேன். அவள் முகம் அப்படியே வாடிப்போனது, கண் கலங்கிவிட்டது. எனக்கு வர வேண்டிய வருத்தம். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.