இறக்கைக்கு அடியில் சிவப்பு

என் அக்கா வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். எங்கள் வீட்டில் அவருக்கு விமானி என்று பட்டப்பெயர். வைத்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ் ஓட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பின் அறையில் விமானங்களோடு கிடப்பார். பொம்மை என்று சொன்னால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். சின்ன எஞ்சின், உள்ளே ஒரு ரேடியோ, தரையில் நின்றபடி கையிலுள்ள பெட்டியால் வானத்தில் ஓட்டுகிற மாடல் விமானங்கள். அதிலும் கடையில் புதிதாக வாங்கிப் பறக்கவிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். யாரோ பரணில் போட்டு மறந்தது, எலி கடித்தது, இறக்கை ஒடிந்தது என்று ஏதாவது ஒரு பழசு வேண்டும்.

அப்படி ஒன்று வந்துவிட்டால் அக்கா வீட்டில் எண்ணெய் நாற்றம் குடலைப் பிடுங்கும். எரிபொருளில் கலந்த பழைய விளக்கெண்ணெய் பிசினாகி எஞ்சினுக்குள் இறுகிக் கிடக்கும். அதைக் கொதிக்கவைத்து இளக்குவார். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை ஒட்டாது என்று முகப் பவுடரைக் கொட்டி, நாள்கணக்கில் வைத்து, எண்ணெயை உறிஞ்ச விடுவார். பிறகு என் தையல் கடைக்கு வந்து பட்டுத் துணித் துண்டு கேட்பார். இறக்கைமேல் அதைப் போர்த்தி, வார்னிஷ் பூசி, மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக்கிவிடுவார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் நடக்காது.

இதிலெல்லாம் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விமானம் பிறந்தபோது என்ன நிறமோ அதே நிறம்தான் பூசவேண்டும். சுரண்டிச் சுரண்டி அடியில் இருக்கும் முதல் பூச்சைக் கண்டுபிடித்து, அதே சாயலைக் கலக்குவார். "நீலம் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லா இருக்குமே அத்தான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

அந்த மனுஷன், தான் உயிராக நினைத்த வெள்ளை விமானத்தின் இறக்கைக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். சில வாரத்தில் அது பட்டையானது. பிறகு அடிப்பக்கம் முழுவதும் பளீரென்று சிவப்பு. விமானம் பறக்கவிடும் மைதானத்தில் அவருடைய கூட்டாளியான பல் டாக்டர், "என்ன டிரைவர் சார், விமானத்துக்கு லிப்ஸ்டிக்கா?" என்று கிண்டல் செய்தார். அத்தானும் சிரித்துவைத்தார்.

அது கிண்டல் செய்கிற விஷயமே இல்லை. அத்தானுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண் அழுத்த நோய். நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துவிடும். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி. ஊசிமுனை அளவு மரச்சீவலை அவரால் ஒட்ட முடிந்தது. டெப்போவில் கண் பரிசோதனைக்குச் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு வர முடிந்தது. வானத்தில் விமானத்தை ஒரு நொடி தவறவிட்டால் மட்டும் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் தினமும் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். இதே அக்காதான் முன்பெல்லாம், "அந்த வெயில்ல நின்னு எவ வானத்தைப் பார்க்கறது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது ஒரு வாரம்கூட விடாமல் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது, வயசான காலத்தில் இவர்களுக்கு வந்த காதலைப் பார் என்று நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அத்தான் ரேடியோப் பெட்டியின் நீளக் கம்பியை இழுத்து நிமிர்த்தினார். வெள்ளை விமானம் புல்லில் ஓடி எழும்பியது. அக்கா அவர் தோளை ஒட்டி நின்றாள். அவள் உதடு ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறாளோ என்று கிட்டே போனேன்.

"மரத்துக்கு மேல இருக்கு. இன்னும் மேல. இடது பக்கம் போகுதுங்க. இப்ப திரும்புது."

அத்தான் தலையை ஆட்டினார்.

விமானம் தொலைவில் திரும்பி எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. வலதுபுறம், கொட்டகை நிழலில் பல் டாக்டரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். "காணோம்" என்றார் அத்தான், மிக மெதுவாக. "இடது பக்கம்! இடது பக்கம்!" என்றாள் அக்கா. விமானம் இருக்கிற பக்கத்தைத்தான் சொன்னாள். அத்தான் அதைத் திருப்பவேண்டிய பக்கமாக எடுத்துக்கொண்டு, பெட்டியில் இருந்த குச்சியை இடப்பக்கம் தள்ளினார். நம்மைப் பார்த்து வருகிற விமானத்துக்கு எல்லாம் தலைகீழ். அதன் இடது, நமக்கு வலது. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு. கண்ணால் பார்த்திருந்தால் அத்தான் தூக்கத்தில்கூட அதைச் செய்யமாட்டார்.

அலறிக்கொண்டு அது கொட்டகைக்குள் பாய்ந்தது. பல் டாக்டர் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிளந்துகொண்டு எஞ்சின் மண்ணில் புதைந்தது. பட்டும் மரமும் சிதறிக் கிடந்தன.

"பழைய ரேடியோ, மக்கர் பண்ணிடுச்சு" என்றார் அத்தான். எல்லோரும் நம்பினார்கள். பல் டாக்டர்கூட, "போனா போகுது, வேற ஒண்ணு கட்டிக்கலாம்" என்று அவரைத் தட்டிக்கொடுத்தார். அக்கா மட்டும் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைச் சமையலறையில் மடக்கினேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். கண் டாக்டர் சொன்னது, வெளியே சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அத்தான் பயந்தது, எல்லாம்.

"விமானம் கிடக்கட்டும். பஸ்சுக்கு என்ன பண்றாரு?" என்றேன்.

அக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். "முன் சீட்டுல நான்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கத்தாதடி, அவர் காதுல விழும். ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். ஓட்டறதை எடுத்துட்டா அந்த மனுஷன் உசுரோட இருக்கமாட்டாரு. நான் பார்த்துக்கறேன்."

"இன்னிக்கிப் பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். வண்டி வந்தது. அக்கா முன் சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் பையன், "உங்க அக்கா தினமும் வந்துடறாங்க. புதுசா கல்யாணம் ஆன ஜோடி தோத்துது போங்க" என்று சிரித்தான். நான் அவளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இடது பக்கம் சைக்கிள்." ஸ்டியரிங் கொஞ்சம் விலகியது. "வலது பக்கம் வேன், ஒட்டி வருது." மறுபடி விலகியது. "ஓரமா பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க." வேகம் குறைந்தது. பார்ப்பவர்களுக்கு ஏதோ வீட்டுக் கதை பேசிக்கொண்டு போவது போலத்தான் இருக்கும். அத்தான் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. நேரே பார்த்தபடி, நன்றாகத்தான் ஓட்டினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மார்க்கெட் வளைவு வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அம்மா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, குழந்தை இருக்கு" என்று அக்காவின் தோளைத் தொட்டாள். அக்கா திரும்பினாள். அவ்வளவுதான், அந்த ஒரு திரும்பல். இடது ஓரத்திலிருந்து ஒருவர் தள்ளுவண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினார்.

"நிறுத்துங்க!" என்று வீறிட்டேன்.

பஸ் குலுங்கி நின்றது. நின்றவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். குழந்தை வீல் என்று அழுதது. பெண் குரல் ஒன்று சொன்னதும் எதற்கு, ஏன் என்று கேட்காமல் பிரேக்கை மிதிக்க அத்தான் பழகியிருந்தார். அதனால்தான் அந்த ஆள் பிழைத்தார். முன்கண்ணாடியின் இடது மூலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாய் திறந்தபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் நேரே சாலையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "எந்தப் பக்கம்?"

கண்டக்டர் பையன் அத்தானையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயோ, இறங்குங்க அத்தான்" என்றேன். அவர் அசையவில்லை. அடுத்து எந்தப் பக்கம் என்று அக்கா சொல்வதற்காகக் காத்திருந்தார்.

அக்கா எழுந்துபோய், அவர் கைக்கு மேலாகக் கையை நீட்டி, சாவியைத் திருப்பி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.