சிரில் கொடுத்த முகவரி

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. திகாம் பத்துவில் சிரில் என்று கேட்டால் வீட்டைக் கைகாட்டுவார்கள். காட்டுகிறவர்கள் உங்களோடு வாசல்வரை வர மாட்டார்கள், அவ்வளவுதான். போய் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவன் அடிக்க வந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

சிரிலுக்குத் தொழில் கார்களுக்கு பிளேயர் மாட்டுவது. பிளேயர் என்றால் டாஷ்போர்டில் இருக்குமே, அந்தத் திரைதான். பாட்டு, ரிவர்ஸ் கேமரா, போனில் இருக்கிற மேப், எல்லாம் அதில் வரும். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மேசையும் ஒரு ஃபேனும் போட்டிருந்தான். உள்ளே அவன் மனைவி பிரிஜெட் தூங்குவாள். கூலிம் ஃபேக்டரியில் அவளுக்கு இரவு ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் போனின் சத்தத்தை அடைத்துவிட்டு, மாலை ஐந்து மணிவரை அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். அதனால் சிரில் சத்தமில்லாமல் வேலை செய்யப் பழகியிருந்தான். கஸ்டமர்கள் பழகவில்லை.

சத்தியசீலன் காரைவிட்டு இறங்கும்போதே கத்தினார். கூலிம்காரர், ஐம்பது வயது இருக்கும், லாரி டிரைவர்களை மேய்த்துப் பழகிய தொண்டை. போன வாரம் எங்கேயோ ஒரு செகண்ட் ஹேண்ட் பிளேயரை மலிவாக வாங்கி வந்து இதையே மாட்டு என்று அடம்பிடித்தவரும் அவர்தான்.

"என்னா வேல செஞ்சிருக்க நீ? மேப் போட்டா கூலிம்ல இருக்கிற என்னைக் காட்டுல காட்டுது!"

"மெதுவா பேசுங்கண்ணே. உள்ள ஆள் தூங்குது."

"தூங்கட்டும் லா. எனக்கென்ன?"

சிரில் காருக்குள் உட்கார்ந்தான். இந்த வேலையில் பாதி நேரம் கேபிள்தான் குற்றவாளி. சார்ஜ் ஏறும், படம் ஏறாது. வேறு கேபிள் போட்டான். சரிவரவில்லை. போனில் இருப்பிட அனுமதியைப் பார்த்தான், பேட்டரி சேமிப்பை அணைத்தான், டாஷ்போர்டுக்குள் கைவிட்டு ஆண்டெனாவை இழுத்துச் சரிசெய்தான். திரையில் நீல அம்பு அசையவில்லை. கூலிமையும் தாண்டி, கெலுபித் தோட்டத்துக்குள் நின்றது. விரலால் படத்தைப் பெரிதாக்கினான். அம்பு நின்றது தோட்டத்துக் குளத்தின் நடுவில்.

சத்தியசீலனின் போனைக் கேபிளிலிருந்து பிடுங்கினான்.

மேப் போகவில்லை.

வேறு ஏதோ போன் வயர் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சிரில் நினைத்தான். அப்படி ஒட்ட வேண்டுமானால் அந்தப் போன் காருக்குள், அல்லது பத்தடிக்குள் இருக்க வேண்டும். ஒட்டியிருக்கிற போன்களின் பட்டியலைத் திறந்தான். ஒரே ஒரு பெயர். மணியம்.

"மணியம் யாருண்ணே?"

"எனக்கென்னா தெரியும்? உன் வேலய பாரு!"

இருக்கைக்கு அடியில், பின்பக்க டிக்கிக்குள், டயர் வைக்கிற குழிக்குள் எல்லாம் தேடினான். போன் இல்லை. சத்தியசீலனின் குரல் ஏறிக்கொண்டே போனது. பிரிஜெட் விழித்துவிடுவாளோ என்ற கவலையில்தான் சிரில் அந்தத் தப்பைச் செய்தான். மேப் ஓடுகிறதா என்று பார்க்க அவன் எப்போதும் 'வீடு' என்ற பொத்தானைத்தான் அழுத்துவான். எல்லாப் போனிலும் வீடு இருக்கும் அல்லவா? அழுத்தினான். இந்தப் போனில் வீடு இல்லை. முகவரியைக் கொடு என்று திரை கேட்டது. அவன் விரலுக்கு மனப்பாடமாக இருந்த முகவரி ஒன்றே ஒன்றுதான். அடித்தான்.

குளத்தின் நடுவிலிருந்து சிரில் வீட்டு வாசல்வரை நீலக் கோடு ஒன்று ஓடியது.

உடனே மணியம் என்ற பெயரை அழித்து, பிளேயரை முதலிலிருந்து தொடங்கினான். சத்தியசீலனின் போன் ஒழுங்காக ஒட்டியது. மேப் திகாம் பத்துவைக் காட்டியது. மனிதர் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து, புதன்கிழமை மத்தியானம், சத்தியசீலனிடமிருந்து போன் வந்தது.

"இப்பவே வர்ற. இல்லன்னா உன் பேரையும் மூஞ்சியையும் ஃபேஸ்புக்ல போட்டு நாறடிச்சிடுவேன்."

சிரிலுக்கு வாய்வழியாக வருகிற வேலைதான் சோறு. பிரிஜெட் தூங்கிக்கொண்டிருந்தாள். கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டு, மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். கூலிமில், தாமான் என்கிற குடியிருப்பில், சத்தியசீலன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 3.10. மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்தன.

பிளேயரில் பழைய பெயர் திரும்ப வந்திருந்தது. நீலக் கோடும் இருந்தது. ஆனால் அம்பு குளத்தில் இல்லை.

"நாலு நாளா நகருது," என்றார் சத்தியசீலன். இந்த முறை அவர் கத்தவில்லை. அதுதான் சிரிலுக்குப் பிடிக்கவில்லை. "நான் கார எடுக்கிறப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா... ஆள் நடக்கிற மாதிரி."

அம்பு கூலிமுக்கு வந்துவிட்டிருந்தது. சிரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய சாலையைவிட்டு இறங்கியது. இந்தத் தாமானுக்குள் நுழைந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் மலாயில், "பெலோக் கிரி" என்றது. இடது பக்கம் திரும்பு என்று அர்த்தம்.

அம்பு இடது பக்கம் திரும்பியது. இந்தத் தெரு.

மூன்று வீடு தள்ளி... இரண்டு வீடு...

காருக்குப் பின்னால் வந்து நின்றது.

சிரில் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. வாசல் கேட் மட்டும் ஒரு கை அகலம் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

அவன் கட்டரை எடுத்து வயர்களை ஒரே வெட்டாக வெட்டினான். திரை இருண்டது. சத்தியசீலன் அவன் பையைத் தானே திறந்து பிடித்தார்.

"எடுத்துட்டுப் போயிடு. உன் வீட்ல வச்சி ரிப்பேர் பாரு."

"ஞாயித்துக்கிழமை கொண்டாரேண்ணே."

"அவசரம் இல்ல."

கெட்டுப்போன சாமானை வீட்டு மேசைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது சிரிலின் வழக்கம். பழக்கதோஷம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். பையை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினான்.

கிளம்பியதிலிருந்தே வண்டி பின்பக்கம் அமுங்கியது. டயரில் காற்று குறைவு என்று நினைத்தான். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தான். காற்று சரியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த பிறகு... வண்டி இன்னொரு தடவை அமுங்கியது.

வழியில் போலீஸ் ரோட்பிளாக். மழைக் கோட்டுப் போட்ட போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். சிரிலின் தோளுக்கு மேலே பார்த்தார்.

"டி பெலாகாங் து, ஹெல்மெட் மானா?"

பின்னால் இருப்பவனுக்கு ஹெல்மெட் எங்கே என்கிறார். யாரும் இல்லை என்று சிரில் பின்னால் கையைக் காட்டினான். போலீஸ்காரர் மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது. சம்மன் எழுதவில்லை. போ போ என்று கையை மட்டும் வேகமாக வீசினார்.

மணி 4.20. மழை விடவில்லை.

"பெலோக் கானான்."

வலது பக்கம் திரும்பு. குரல் சிரிலின் முதுகுப் பக்கமிருந்து வந்தது. அவன் போன் பிளாஸ்டிக் பைக்குள், சட்டைப்பையில், அணைந்து கிடந்தது.

ஓரமாக நிறுத்தினான். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பையைத் திறந்தான்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

வெட்டிய வயர்கள் தொங்கின. பேட்டரி இல்லை. எதுவும் இல்லை. நீல அம்பு, அவன் நிற்கிற இடத்தில், அதே சாலை ஓரத்தில் நின்றது. கீழே எழுதியிருந்தது: வீடு, 6 நிமிடம்.

பிரிஜெட் தூங்குகிறாள். தனியாக. கதவு வெளியே பூட்டு.

"ஏசுவே, ஏசுவே" என்று வாய் தானாகச் சொன்னது. பிளேயரை இரண்டு கையாலும் தூக்கி, செம்பனைக்கு நடுவே ஓடிய கால்வாயில் வீசினான். வெள்ளம் அதை உருட்டிக்கொண்டு போனது. கறுப்புத் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் நீல வெளிச்சம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டான். சத்தியசீலன் எத்தனை கத்தினாலும் கத்தட்டும். புதிதாக ஒன்று வாங்கி முகத்தில் எறிந்துவிடலாம். வண்டியில் ஏறி முறுக்கினான்.

வண்டி அமுங்கியே இருந்தது...

அதை அவன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வேறு பக்கம் ஓட்டியிருப்பான். வழி தெரிந்துகொண்டவனுக்கு மேப் எதற்கு?

வீட்டு முன்னால் நிறுத்தியபோது 4.31.

பிரிஜெட் எழுந்திருந்தாள். இடிச் சத்தத்தில் தூக்கம் கலைந்திருக்க வேண்டும். கலைந்த தலையோடு கிரிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சிரிலைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

சிரில் வாய் திறப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். வீடு தேடி வந்த மனிதரைப் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"ஏன்ணே மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"பிரிஜெட்! பேசாத!"

"என்னாங்க நீங்க, கூட்டிட்டு வந்து வாசல்லயே நிக்க வைக்கிறீங்க? வாங்கண்ணே, உள்ள வாங்க."

வண்டி சட்டென்று எழும்பியது. பின்னால் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

கிரில் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிரில் சாவியை எடுத்துத் திறப்பதற்குள் உள்ளே கூடத்துத் தரையில் ஈரச் செருப்புத் தடம் விழுந்தது. ஒன்று. அப்புறம் ஒன்று. சமையலறை வரைக்கும் போனது.

"எங்க போனாரு அந்த அண்ணே?" என்று பிரிஜெட் கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் அவள் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிரில் எதிரில்தான் இருந்தான். தன் கண்ணால் பார்த்தான். தட்டு மேசையிலிருந்து எழும்பிச் சுவரில் போய் அடித்தது. மீன் குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. பிரிஜெட் அலறினாள். பயந்து அலறியது இல்லை, வலியில் அலறினாள். இடது கையில், முழங்கைக்கு மேலே, நான்கு விரல் பதிந்து சிவந்திருந்தது.

ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்தார். பலனில்லை. கோலா கெடாவில் பிரிஜெட்டின் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தார்கள். அங்கேயும் தட்டு பறந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். பிரிஜெட் இரண்டு கையையும் மறைத்து நீளச் சட்டை போட ஆரம்பித்தாள். ஃபேக்டரித் தோழிகள் சிரிலை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் அவன்தான் அடிக்கிறான். அதை நினைத்து அவன் அழுதிருக்கிறான்.

சத்தியசீலன் இப்போது போனை எடுப்பதில்லை. பிளேயர் விற்ற கடையைச் சிரிலே அலைந்து கண்டுபிடித்தான். கடைக்காரர் சொன்னார். மணியம் கெலுபித் தோட்டத்து ஆள். மூன்று வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டுக் குளத்தில் விழுந்து செத்தவன். கார் கரையில் நின்றது, எஞ்சின் ஓடியபடி. அதிலிருந்து கழற்றிய பிளேயர்தான் அது. அவனுடைய போன் இன்றுவரை கிடைக்கவில்லை.

மணியத்தின் மனைவி குணசுந்தரி கூலிமில் ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். சிரில் போனபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. பெண் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள். ஒன்றுக்கும் ஆச்சரியப்படவில்லை.

"அவன் செத்தப்ப, குளத்தங்கரைக்குப் போயி, வீட்டுக்கு வான்னு கூப்பிட்டு அழைச்சிட்டு வரணும்னு பூசாரி சொன்னாரு," என்றாள். "நான் போவல. வாங்குன அடி போதும், வராதன்னு சொன்னேன். மூணு வருஷமா ராத்திரியானா குளத்திலேருந்து வந்து என் கதவுக்கு வெளிய நின்னான். உள்ள வர முடியல, நான்தான் கூப்பிடலயே. போன மாசம்தான் வர்றத விட்டான், தம்பி."

"எப்பக்கா?"

"ஒரு சனிக்கிழமை. அன்னைக்குத்தான் கதவத் திறந்து போட்டுத் தூங்குனேன்."

அவன் முகவரி அடித்த நாள் சனிக்கிழமை.

சிரில் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "ஒரே ஒரு வாட்டி கூப்பிட்டுடுங்கக்கா. நீங்க கூப்பிட்டா வந்துடுவான். என் பொண்டாட்டி செத்துடுவாக்கா."

குணசுந்தரி அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் இரக்கம் இருந்ததாகத்தான் சிரில் சொல்கிறான். பிறகு தலையை ஆட்டினாள். முடியாது.

கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்திச் சொன்னாள்.

"குழம்புல உப்பு கூடாம பாத்துக்கச் சொல்லுங்க, தம்பி."